கேப்டனின் இருபத்தைந்து வயது

ஜூன் 9, திங்கள்

இன்றிலிருந்து எழுதி வைக்கப்போகிறேன். காரணம் ஒன்றுதான். போன ப்ராஜெக்டில் யார் எப்போது என்ன சொன்னார்கள் என்ற கேள்வி வந்தபோது எல்லோரும் என்னைக் கைகாட்டினார்கள். இனி எழுத்தில் இருக்கும்.

புது வேலை வந்திருக்கிறது. 2001இல் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஓடிய ‘நெடுவான்’ என்ற விண்வெளித் தொடருக்கு ஒரு முன்கதை எடுக்கப்போகிறார்கள். ‘குருகு’ என்ற விண்கலம், அதன் கேப்டன் ஆதிரன், அவருக்கு வலது கை இரும்பு. கை எப்படிப் போனது என்று தொடரில் கடைசிவரை சொல்லவில்லை. பாதியில் நிறுத்திவிட்டார்கள். இப்போது ஒரு ஓடிடி நிறுவனம் அதைச் சொல்லப்போகிறதாம், ஆதிரனின் இருபத்தைந்து வயதில் தொடங்கி.

ரூமில் கூடத் தங்கியிருக்கும் ஜெபஸ்டினிடம் சொன்னேன். சின்ன வயதில் ஒரு கையில் அலுமினியத் தாள் சுற்றிக்கொண்டு திரிந்தவனாம். நானும் நான்கு எபிசோட் பார்த்தேன். கட்டுப்பாட்டுப் பலகை முழுக்க முட்டை அட்டைக்கு வெள்ளிப் பெயின்ட். காற்றே இல்லாத இடத்தில் வெடிச்சத்தம். ஆனால் அந்த கேப்டன் பேசினால் பார்க்க முடிகிறது.

முன்கதைக்கு இன்னும் கதை எழுதவில்லை. இயக்குநர் யார் என்று முடிவாகவில்லை. ஆனால் அறிவிப்பு டீசர் மாதக் கடைசியில் வர வேண்டும். கதையே இல்லாமல் டீசரில் என்ன காட்டுவது என்று முரளி சாரிடம் கேட்டேன். “டீசரைப் பார்த்துட்டுத்தான்டா கதையே எழுதுவாங்க. உனக்கு எதுக்கு அந்தக் கவலை?” என்றார். சாலிகிராமத்தில் பதினைந்து வருடமாக கிராஃபிக்ஸ் ஸ்டூடியோ நடத்துகிறவர். அவருக்கே கவலை இல்லை என்றால் எனக்கும் இல்லை.

தண்ணீர் கேன் இன்றும் வரவில்லை.

ஜூன் 11, புதன்

ஓடிடி நிறுவனத்திலிருந்து ஷ்ரவந்தி மேடம் வந்தார். கேட்பதை ஒரு தடவை கேட்கிறார், பதிலை முழுசாகக் கேட்கிறார். இந்தத் தொழிலில் அபூர்வம்.

திட்டம் இது. ரிஷ்வந்த் என்று ஒரு பையன், இருபத்து நான்கு வயது, ஜிம் உடம்பு. நடிப்பது அவன். அவன் முகத்துக்கு மேல் பழைய கேப்டனாக நடித்த அமலதாஸின் முகத்தை இளமையாக்கி வைக்க வேண்டும். குரலும் பழைய எபிசோட்களிலிருந்து மெஷின் உருவாக்கும். முகத்தை இளமையாக்க அமலதாஸ் சம்மதித்துவிட்டாராம். அவர் ஒரு நாள் வந்து முகத்தை ஸ்கேன் செய்ய உட்கார்ந்தால் போதும்.

முரளி சார் அங்கேயே அவருக்கு போன் போட்டார். “சார், ஒரு லுக் டெஸ்ட் இருக்கு, வெள்ளிக்கிழமை வர முடியுமா?”

போனை வைத்ததும் சொன்னேன், இது லுக் டெஸ்ட் இல்லை, ஸ்கேன் என்று. இரண்டும் ஒன்றுதான் என்றார். ஒன்று இல்லை. நடிக்கப்போகிறவருக்கு எடுப்பதுதான் லுக் டெஸ்ட். இந்தத் தொழிலுக்கு வந்து மூன்று வருடம் ஆன எனக்கே தெரியும்.

எழுதி வைத்துவிட்டேன்.

ஜூன் 13, வெள்ளி

அமலதாஸ் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார். வயது அறுபத்தொன்று. தலைக்குப் புதிதாகச் சாயம் அடித்திருந்தார். காதோரத்தில் கொஞ்சம் ஒட்டியிருந்தது. ஸ்கேனில் அது தெரியும் என்றேன். தேங்காய் எண்ணெய் கேட்டு வாங்கித் துடைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

சுற்றி இருபது கேமராக்கள். கோபம், சிரிப்பு, பயம், பல்லைக் கடிப்பது என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். பெரும்பாலும் ஆட்கள் பத்து நிமிடத்தில் களைத்துப்போவார்கள். இவர், “பயம்னா எந்தப் பயம் தம்பி? நாய் துரத்துற பயமா, டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்து பேசாம இருக்கற பயமா?” என்று கேட்டார். எனக்குத் தேவை தசை அசைவுதான். இரண்டையும் செய்யச் சொன்னேன். இரண்டும் வேறு வேறாகத்தான் பதிவாகியிருக்கின்றன.

இடைவேளையில் பேசிக்கொண்டே இருந்தார். இப்போது ஒரு நெடுந்தொடரில் கதாநாயகியின் அப்பாவாக இருக்கிறாராம், சுவரில் மாலை போட்ட படமாக. ஒரு நாள் கூப்பிட்டு போட்டோ எடுத்தார்கள், ஒரு வருடமாகத் தொங்குகிறது. அந்தப் பெண் தினமும் வந்து அந்தப் படத்திடம் அழுகிறாள். “எனக்கு அமைஞ்சதுலயே பொறுமையான வேஷம் அதுதான்” என்றார்.

இரும்புக் கையைப் பற்றிக் கேட்டேன். படப்பிடிப்புக்கு மூன்று நாள் முன்னால் போரூரில் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து மாவுக்கட்டு போட்டார்களாம். கட்டை மறைக்கத் தகரம் சுற்றினார்கள். கட்டுப் பிரித்த பிறகும் ரசிகர்கள் இரும்புக் கையைக் கேட்டுக் கடிதம் எழுத, கடைசிவரை தகரத்தோடே இருந்தார். இதைத்தான் இப்போது எட்டு எபிசோடாக விளக்கப்போகிறார்கள்.

கிளம்பும்போது, “நடிக்கறவரோட வயசைக் குறைச்சுடுவீங்களாமே. நடிப்பு என் பொறுப்பு, வயசு உங்க பொறுப்பு” என்றார்.

நான் லைட்களை அணைத்துக்கொண்டிருந்தேன். அது கேள்வி இல்லை என்பதால் பதில் சொல்லவில்லை.

ஜூன் 14, சனி

பைக்குக்கு கிளட்ச் கேபிள் மாற்றினேன்.

ஜூன் 16, திங்கள்

அமலதாஸின் இருபத்தைந்து வயதுப் படங்கள் தேவைப்பட்டன. ஆள் அனுப்பியிருக்கலாம். நானே போனேன், போகிற வழிதான்.

வடபழனியில் மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. நான் ஏறும்போது அவர் மேலேயிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் திரும்பி என்னோடு ஏறினார். உடற்பயிற்சியாம். இரவில் சோற்றை நிறுத்திவிட்டாராம். வீட்டில் அவர் மனைவி செல்வராணி அம்மா எனக்குக் கொழுக்கட்டை வைத்தார். கணவர் தட்டில் ஒன்றே ஒன்று.

அவர் படங்களைத் தேட உள்ளே போனபோது அந்த அம்மா சொன்னார். ஒரு புதுத் தொடரில் அப்பா வேஷம் வந்திருக்கிறது. உயிரோடு இருக்கிற அப்பா, மாதத்தில் பதினைந்து நாள் வேலை, இரண்டு வருடமாவது ஓடும். விண்வெளிக் கதைக்குத் தேதி ஒதுக்கியாகிவிட்டது என்று இவர் மறுத்துவிட்டார். அவர்கள் வியாழக்கிழமைவரை பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

“அவரு இவ்வளவு சந்தோஷமா இருந்து நாளாச்சு. நீங்க சொல்லுங்க, அந்த வேலை கண்டிப்பா நடந்துருமில்ல?”

டீசர் கண்டிப்பாக வரும் என்றேன். அது உண்மை.

நடிக்கப்போவது இவர் இல்லை என்பதைச் சொல்ல வேண்டியவர் முரளி சார். நான் டெக்னிக்கல் ஆள். நான் பாட்டுக்குச் சொல்லி, இவர் ஸ்கேனுக்குக் கொடுத்த சம்மதத்தைத் திரும்ப வாங்கிவிட்டால் வேலை நின்றுவிடும். தவிர, அப்போது கையில் கொழுக்கட்டை இருந்தது.

படங்கள் நன்றாக இருக்கின்றன. தாடை ஓரம் தெளிவாகத் தெரிகிறது.

ஜூன் 17, செவ்வாய்

அமலதாஸிடம் விஷயத்தைச் சொல்லும்படி முரளி சாரிடம் சொன்னேன். டீசர் முடியட்டும் என்றார். வியாழனுக்குள் சொல்ல வேண்டும் என்றேன். அது என்ன வியாழன் கணக்கு என்றார். சொன்னேன். பிறகு ஜிஎஸ்டி ஆடிட்டர் போன் வந்தது.

ஜூன் 18, புதன்

ரிஷ்வந்த் நடித்துக் கொடுத்த சோதனைக் காட்சியில் முகத்தை ஏற்றிப் பார்த்தேன். மூக்கு, தாடை, தோல் எல்லாம் சரி. அளவில் பிழை இல்லை. ஆனால் பேச ஆரம்பித்தால் ஸ்டிக்கர் ஒட்டியது மாதிரி இருக்கிறது. ரிஷ்வந்துக்கு எல்லா உணர்ச்சிக்கும் புருவம் ஒன்றுதான். அமலதாஸையே நடிக்க வைத்து அதன் மேல் இளமையை ஏற்றினால் சரியாக வரும். ஆனால் செலவு, தேதி. யாரும் என்னைக் கேட்கவில்லை.

சனிக்கிழமை பூஜை. டீசருக்கே பூஜையா என்றால், பத்திரிகைகளுக்குப் படம் வேண்டுமாம். அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. முதல் ஷாட்டுக்கு அமலதாஸைக் கிளாப் அடிக்கக் கூப்பிடலாம். பழைய கேப்டன், புதுத் தொடருக்குக் கிளாப். அவருக்கும் மரியாதை. அன்றைக்கு ரிஷ்வந்தைப் பார்த்து விஷயத்தை மெதுவாக அவரே புரிந்துகொள்வார். யாரும் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டியதில்லை.

ஷ்ரவந்தி மேடத்துக்கு யோசனை உடனே பிடித்துவிட்டது. முரளி சார் மட்டும், “நீயே போய்க் கூப்பிடறியா?” என்று ஒரு மாதிரிக் கேட்டார். கூப்பிடுகிறேன் என்றேன்.

சாயங்காலம் ஜெபஸ்டினுக்கு பிரியாணி வாங்கிக் கொடுத்தேன். என்ன விசேஷம் என்றான். ஒன்றும் இல்லை என்றேன்.

ஜூன் 19, வியாழன்

காலையில் போக வேண்டியது. ஹார்ட் டிஸ்க் ஒன்று மக்கர் செய்தது. வேறு யாரும் பார்த்திருக்கலாம், நானே உட்கார்ந்து சரிசெய்தேன். சாப்பாட்டுக்குப் பிறகுதான் வடபழனி போனேன்.

அவர் கண்ணாடி முன்னால் நின்று வசனம் பேசிப் பார்த்துக்கொண்டிருந்தார். வசனமே இன்னும் எழுதவில்லையே என்றேன். பழைய தொடரிலிருந்து எடுத்து இருபத்தைந்து வயதுக்குக் குறைத்துப் பார்க்கிறாராம்.

பூஜையைச் சொன்னேன். நீங்கள்தான் கிளாப் அடிக்க வேண்டும் என்றேன்.

அவர் முகத்தில் நான் இதுவரை இருபது கேமராவில் பிடித்த எதிலும் இல்லாத ஒன்று வந்தது. சமையலறை வாசலில் நின்ற செல்வராணி அம்மா டம்ளர்களைத் திரும்ப உள்ளே எடுத்துக்கொண்டு போனார்.

“கிளாப் அடிக்கறது விருந்தாளி தம்பி” என்றார் அமலதாஸ். “மாலையைப் போட்டு, சால்வையைப் போர்த்தி, கிளாப்பைக் கையில குடுப்பாங்க. அடிச்சுட்டு ஃப்ரேமை விட்டு வெளிய வந்துரணும். நடிக்கறவன் கையில அதைக் குடுக்க மாட்டாங்க. முப்பத்தஞ்சு வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். இந்த மாதிரி எத்தனை பேரைக் கூப்பிடப் போயிருக்கேன் தெரியுமா?”

எனக்குத் தெரியாது. முரளி சாருக்குத் தெரிந்திருக்கிறது.

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். ரிஷ்வந்த், முகம், மெஷின் குரல். சொல்ல இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அவர் கோபப்படவில்லை. குரலும் நான் இல்லையா என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன்.

என் முன்னாலேயே அந்தப் புதுத் தொடரின் மேனேஜருக்கு போன் போட்டார். ரொம்பச் சாதாரணமாகப் பேசினார், வெயிலைப் பற்றியெல்லாம் கேட்டார். வைத்துவிட்டு மனைவியிடம் சொன்னார், “மத்தியானமே வேறொருத்தருக்கு அட்வான்ஸ் குடுத்துட்டாங்களாம், ராணி.”

ஹார்ட் டிஸ்க்கில் பெரிய பிரச்சினை எதுவும் இல்லை. கேபிள் லூஸாக இருந்தது.

ஜூன் 20, வெள்ளி

ஷ்ரவந்தி மேடத்தை உட்காரவைத்து ரிஷ்வந்தின் சோதனைக் காட்சியைப் போட்டுக் காட்டினேன். ஸ்டிக்கர் என்றேன். முரளி சார் என் காலை மிதித்தார். டீசரில் க்ளோசப் இரண்டுதான். தூரத்து ஷாட்டுக்கு ரிஷ்வந்த் போதும், இரண்டு க்ளோசப்பையும் அமலதாஸ் நடித்து, குரலும் அவரே கொடுத்தால் பொம்மை மாதிரி இருக்காது என்றேன். இது எனக்குப் புதன்கிழமையே தெரியும் என்பதையும் சொன்னேன்.

மேடம் இரண்டு கேள்வி கேட்டார். எவ்வளவு நேரம் ஆகும், அவர் வருவாரா. முதலாவதற்கு அரை நாள் என்றேன். இரண்டாவதற்கு, தெரியாது.

திங்கள்கிழமை சோதித்துப் பார்க்கச் சொல்லிவிட்டுப் போனார். கதவு மூடியதும் முரளி சார் என்னைத் திட்டியதை எழுத மாட்டேன். அதில் உள்ள தகவல் இவ்வளவுதான்: அரை நாள் செலவு என் சம்பளத்தில்.

ஜூன் 21, சனி

பூஜை. அமலதாஸ் வரவில்லை. ஓடிடியின் மேலதிகாரி ஒருவர் கிளாப் அடித்தார். தலைகீழாகப் பிடித்திருந்தார், யாரும் சொல்லவில்லை. நான் சொன்னேன்.

ஜூன் 22, ஞாயிறு

வடபழனி. அவர் கதவைத் திறந்து, வா என்று சொல்லாமல் உள்ளே போனார். நானாகப் போய் உட்கார்ந்தேன். டீ வந்தது, கொழுக்கட்டை இல்லை.

விஷயத்தைச் சொன்னேன். முகத்தில் புள்ளி வைப்போம், தலையில் ஒரு கேமரா மாட்டுவோம், நடிப்பது நீங்கள்தான் என்றேன்.

“இது அவங்க ஐடியாவா, உங்க ஐடியாவா?”

“என்னோடது சார்.”

“கிளாப் ஐடியா யாரோடது?”

“அதுவும் என்னோடதுதான்.”

உள்ளேயிருந்து செல்வராணி அம்மா சிரித்த மாதிரி இருந்தது. அமலதாஸ் சிரிக்கவில்லை. சோதனையில் தோற்றால் என்ன ஆகும் என்றார். பழைய திட்டமே நடக்கும், உங்கள் முகம் மட்டும் டீசரில் வரும் என்றேன். ஜெயித்தால்? இரண்டு க்ளோசப். அதற்கு மேல் என்னால் எதுவும் சொல்ல முடியாது என்றேன்.

வண்டி அனுப்பத் தேவையில்லை, பஸ்ஸில் வந்துவிடுகிறேன் என்றார்.

ஜூன் 23, திங்கள்

சோதனை. வசனம் நேற்றுத்தான் எழுதி வந்தது. கலத்தின் கதவு மூடிக்கொண்டிருக்கிறது, இளம் ஆதிரன் கையைக் கொடுத்துத் தடுக்கிறான்: “மூடாதீங்க. உள்ள இன்னும் ஆள் இருக்கு.” இவ்வளவுதான்.

முதல் டேக்கை அப்படியே ஏற்றித் திரையில் போட்டேன். முகம் உயிரோடு இருந்தது. ஷ்ரவந்தி மேடம் முன்னால் சாய்ந்தார். ஆனால் ஏதோ உதைத்தது. திரும்பப் பார்த்தபோது புரிந்தது.

“சார், முகம் இருபத்தஞ்சு. பேச்சு அறுபது” என்றேன்.

முரளி சார் கண்ணை மூடிக்கொண்டார். அமலதாஸ் மட்டும் தலையாட்டினார். ஒரு டீ கேட்டு வாங்கிக்கொண்டு, எங்கள் மேசைகளுக்கு நடுவில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் எதுவும் செய்யவில்லை. நான் வேலை பார்த்தேன். ரெண்டர் ஏன் நிற்கிறது என்று இரண்டு பேரிடம் கேட்டேன், கூரியர்காரரோடு ஒரு சின்ன வாக்குவாதம். மற்றபடி சாதாரண காலை.

அடுத்த டேக். இந்த ஆதிரன் எதிராளி பேசி முடிக்கும் முன்னாலேயே பேச ஆரம்பித்தான். யாரையும் நேராகப் பார்க்கவில்லை. வேலையைப் பார்த்துக்கொண்டே அந்த வசனத்தை எரிச்சலோடு சொன்னான், உள்ளே ஆள் இருப்பது ஏதோ மற்றவர்களின் கவனக்குறைவு மாதிரி. கை மட்டும் கதவை விடவில்லை.

எங்கிருந்து சார் பிடித்தீர்கள் என்று ஷ்ரவந்தி மேடம் கேட்டார்.

“முன்னாடியே உட்கார்ந்திருக்கே” என்று என்னைக் காட்டினார்.

ஆபீஸே சிரித்தது. முரளி சார் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார். எனக்கு அப்படி ஒன்றும் ஒற்றுமை தெரியவில்லை. நான் ஆட்களை நேராகப் பார்த்துத்தான் பேசுகிறேன்.

மேடம் ஓகே சொல்லிவிட்டார். வியாழக்கிழமை ஷூட்.

ஜூன் 24, செவ்வாய்

தண்ணீர் கேன் போடுபவரை நேராகப் பார்த்துப் பேசினேன். நாளையிலிருந்து ஒழுங்காக வருமாம்.

ஜூன் 26, வியாழன்

முதல் க்ளோசப் காலையிலேயே முடிந்தது. கதவு க்ளோசப் சாப்பாட்டுக்கு முன் ஓகே. குரலும் சுத்தமாகப் பதிவாகியிருக்கிறது. செல்வராணி அம்மாவும் வந்திருந்தார். புள்ளி புள்ளியாக இருந்த கணவர் முகத்தைப் பார்த்து, அம்மை போட்ட மாதிரி இருக்கிறது என்றார்.

மதியம் ஷ்ரவந்தி மேடம் என்னையும் முரளி சாரையும் தனியாகக் கூப்பிட்டார். மும்பையில் அவர்களுடைய தலைமை மாறுகிறது. டீசர் சொன்ன தேதியில் வரும், ‘விரைவில்’ என்று போட்டு வரும். தொடர் எடுப்பது பற்றிப் புதிதாக வருகிறவர்தான் முடிவு செய்வார். அமலதாஸிடம் இப்போது சொல்ல வேண்டாம், பிறகு தானே பேசிக்கொள்வதாகச் சொன்னார். முரளி சார் சரி என்றார்.

வெளியே வந்தேன். அமலதாஸ் முகத்துப் புள்ளிகளைத் துடைக்காமல் உட்கார்ந்திருந்தார். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மூடிய கதவுக்குப் பின்னால் மூன்று பேர் பேசிவிட்டு வந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று முப்பத்தைந்து வருடம் தொழிலில் இருப்பவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

“தொடர் நடக்குமா தம்பி?”

முரளி சார் பின்னால் இருமினார்.

“தெரியாது சார். என் கணக்குல நடக்காமப் போறதுக்குத்தான் வாய்ப்பு அதிகம். இந்த டீசர் மட்டும் வரும்.”

செல்வராணி அம்மா அவர் தோளில் கை வைத்தார். அவர் கொஞ்ச நேரம் எதிரே இருந்த பச்சைத் திரையைப் பார்த்தார். பிறகு நாற்காலியிலிருந்து எழுந்து, தலைக் கேமராவை அவரே எடுத்து மாட்டிக்கொண்டார்.

“அப்ப இன்னொரு டேக் போகலாமா?”

ஓகே ஆன ஷாட்டுக்கு இன்னொரு டேக் தேவையில்லை. டிஸ்க்கில் இடம் குறைவு, ஷூட்டிங் ஃப்ளோருக்கு வாடகை ஏறுகிறது. டெக்னிக்கலாக எந்தக் காரணமும் இல்லை.

ரிக்கார்டிங்கைப் போட்டேன்.

ஜூன் 27, வெள்ளி

அந்த டேக்கைத்தான் டீசரில் வைத்திருக்கிறேன். முரளி சாரிடம் கேட்கவில்லை.